எண்ணப்பட்டோரும் எண்ணப்படாதோரும்: இணையத்தில் சர்வதேச சுகாதார, சனத்தொகைத் தரவுகளைத் தேடுவோருக்கு

இலங்கையின் சனத்தொகை எவ்வளவு என்ற எளிய வினாவுக்கு இணையத்தில் ஒரே விடை கிடைப்பதில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் சனத்தொகைப் பிரிவு 2024 ஜூலையில் வெளியிட்ட தரவுத்தொகுதி, அவ்வாண்டில் இந்நாட்டில் 23 மில்லியனுக்கும் அதிகமானோர் வாழ்வதாகக் காட்டுகின்றது. உலக வங்கியின் தரவுத்தளம் 2023 ஆம் ஆண்டுக்குத் தந்த எண் 22 மில்லியனை அண்டியது. ஆனால், எமது தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2024 டிசம்பரை அடிப்படையாகக் கொண்டு நடத்திய சனத்தொகைக் கணக்கெடுப்பில் 21.7 மில்லியனுக்குச் சற்று அதிகமானோரே பதிவாகினர். முதலாவது எண்ணுக்கும் இறுதி எண்ணுக்கும் இடையிலான வேறுபாடு பத்து இலட்சத்தையும் தாண்டுகின்றது. யாழ்ப்பாண மாவட்டத்தில் இன்று வாழும் மக்களைப் போல் இருமடங்கினர் ஒரு தளத்தில் இருக்கின்றனர், மற்றொரு தளத்தில் இல்லை.

இவற்றுள் எந்த நிறுவனமும் பொய் உரைக்கவில்லை. ஒவ்வொன்றும் தனது எண்ணை வெவ்வேறு வழியால் வந்தடைந்துள்ளது. அவ்வழி எதுவென்பதை அறியாமல் எண்ணை மட்டும் எடுத்தாள்வதே தவறுகளுக்கு வழிவகுக்கின்றது. ஒரு காலத்தில் இத்தகைய தரவுகளைப் பெறுவதற்குக் கொழும்பிலுள்ள நூலகங்களில் தடித்த ஆண்டறிக்கைகளைப் புரட்ட வேண்டியிருந்தது. இன்று பாடசாலை மாணவர் ஒருவரும் கைத்தொலைபேசியில் அவற்றைப் பெறலாம். தேடுவது இலகுவாகிவிட்டது. கிடைத்ததை வாசிக்கும் முறையே இன்னமும் பரவலாக அறியப்படாமல் இருக்கின்றது.

எங்கே தேடுவது?

சனத்தொகை தொடர்பில் முதலில் நாட வேண்டியது ஐ.நா. சனத்தொகைப் பிரிவின் 'வேர்ல்ட் பொப்பியுலேஷன் ப்ரொஸ்பெக்ட்ஸ்' என்னும் வெளியீடாகும். 237 நாடுகளுக்கும் பிரதேசங்களுக்குமான சனத்தொகை, பிறப்பு வீதம், இறப்பு வீதம், எதிர்பார்க்கப்படும் ஆயுட்காலம், புலப்பெயர்வு ஆகியன 1950 ஆம் ஆண்டிலிருந்து அதில் தரப்பட்டுள்ளன. 2100 ஆம் ஆண்டு வரையிலான எதிர்வுகூறல்களும் உண்டு. அட்டவணைகளை எவரும் கட்டணமின்றித் தரவிறக்கிக் கொள்ளலாம்.

சுகாதாரத் தரவுகளுக்கு உலக சுகாதார ஸ்தாபனத்தின் 'குளோபல் ஹெல்த் ஒப்சர்வேட்டரி' என்னும் தரவுத்தளம் பிரதானமானது. தாய்மார் மரணம், தடுப்பூசி, தொற்றுநோய்கள், வைத்தியர், தாதியர் எண்ணிக்கை போன்ற பல நூறு குறிகாட்டிகளை ஸ்தாபனத்தின் உறுப்பு நாடுகள் தோறும் அங்கு காணலாம். உலக வங்கி 2010 ஏப்ரலில் தனது தரவுத்தளத்தை இலவசமாகத் திறந்துவிட்டது. சுகாதாரத்தையும் வருமானம், கல்வி போன்றவற்றையும் சேர்த்து ஒப்பிட விரும்புவோருக்கு அது வசதியானது. சிறுவர்கள் பற்றிய தரவுகளுக்கு யுனிசெப் நிறுவனத்தின் தளம் ஏற்றது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து அந்நிறுவனத்தின் ஆதரவுடன் பல நாடுகளில் நடத்தப்பட்டு வரும் வீட்டு மட்ட ஆய்வுகளின் அறிக்கைகளும் அங்கு கிடைக்கின்றன.

வறிய நாடுகளைப் பற்றிய தரவுகளின் முதுகெலும்பாக அமைந்தது 1984 இல் அமெரிக்க நிதியுதவியுடன் தொடங்கப்பட்ட 'டி.எச்.எஸ்.' எனப்படும் குடித்தொகை, சுகாதார ஆய்வுத் திட்டமாகும். பதிவேடுகள் ஒழுங்காக இல்லாத நாடுகளில், வீடு வீடாகச் சென்று தாய்மாரிடம் கேட்டறிந்த விபரங்களே அங்கு சிசு மரண வீதத்தை உலகுக்குச் சொல்லி வந்தன. 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கா தனது வெளிநாட்டு உதவிகளை நிறுத்தியபோது இத்திட்டமும் இடைநின்றது. பின்னர் வேறு நிதியுதவியுடன் பணிகளின் ஒரு பகுதி மாத்திரம் மீளத் தொடங்கப்பட்டது. உலகத் தரவு என்பது தானாக ஊறும் கிணறு அல்ல, எவரோ செலவு செய்து இறைக்கும் நீர் என்பதை இச்சம்பவம் உணர்த்தியது.

இவற்றுக்கு அப்பால், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் சுகாதார அளவீட்டு நிறுவனம் நோய்ச் சுமை பற்றிய தனது சொந்த மதிப்பீடுகளை வெளியிடுகின்றது. அவை சில வேளைகளில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் எண்களிலிருந்து வேறுபடும். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் 'அவர் வேர்ல்ட் இன் டேட்டா' தளம் அழகிய வரைபடங்களுடன் தரவுகளைத் தருகின்றது. எனினும், அது பெரும்பாலும் மற்றவர்களின் தரவுகளைத் தொகுத்து வழங்குவதாகும். வரைபடத்தின் அடியில் குறிப்பிடப்படும் மூலத்துக்குச் சென்று பார்ப்பதே முறை.

எண்ணியதா, மதிப்பிட்டதா?

இத்தளங்களில் காணப்படும் எண்களுள் கணிசமானவை எவராலும் எண்ணப்பட்டவை அல்ல. அவை மதிப்பீடுகள். மதிப்பீடு என்பது ஊகம் அன்று. கடைசியாக நடந்த கணக்கெடுப்பை எடுத்து, அதன் பின்னர் பிறந்தோரைக் கூட்டி, இறந்தோரைக் கழித்து, நாட்டுக்குள் வந்தோரையும் வெளியேறியோரையும் சரிசெய்து பெறப்படுவதே சனத்தொகை மதிப்பீடு. இவற்றுள் பிறப்பையும் இறப்பையும் பதிவேடுகளில் காணலாம். வெளியேறியோரைக் கணிப்பதே கடினம். பொருளாதார நெருக்கடி உச்சமடைந்த 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்காகப் பதிவு செய்து சென்றனர். பதிவின்றிச் சென்றோரும், கல்விக்காகச் சென்று அங்கேயே தங்கியோரும் வேறு. பன்னிரண்டு ஆண்டுகள் கணக்கெடுப்பு நடைபெறாத ஒரு நாட்டில் இத்தகைய வழுக்கள் ஆண்டுதோறும் திரண்டு பெருகும் என்பதில் வியப்பில்லை.

கணக்கெடுப்பே நடைபெறாத நாடுகளின் நிலை இன்னும் சிக்கலானது. ஆப்கானிஸ்தானில் இறுதியாகக் கணக்கெடுப்பு நடந்தது 1979 ஆம் ஆண்டில். நைஜீரியாவில் 2006 ஆம் ஆண்டுக்குப் பின் நடைபெறவில்லை. லெபனானில் உத்தியோகபூர்வமான கணக்கெடுப்பு 1932 ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அந்நாட்டில் அரசியல் பதவிகள் மதப் பிரிவுகளுக்கிடையே பங்கிடப்பட்டுள்ளமையால், எண்ணிப் பார்ப்பதே ஓர் அரசியல் அபாயமாகக் கருதப்படுகின்றது. அயல்நாடான இந்தியாவில் 2021 இல் நடக்கவிருந்த கணக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டது. இந்தியா சீனாவை விஞ்சி உலகின் அதிக சனத்தொகை கொண்ட நாடாகிவிட்டது என 2023 இல் வெளிவந்த செய்தியும் 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் மேல் எழுந்த மதிப்பீடே ஆகும். ஆயினும் ஐ.நா. அட்டவணையில் இந்நாடுகள் அனைத்துக்கும் ஆண்டுதோறும் ஓர் எண் உண்டு. வெற்றிடம் எதுவும் இல்லை.

எண்ணிக்கைக்கும் மதிப்பீட்டுக்கும் இடையிலான தூரத்தைக் கொவிட் பெருந்தொற்று உலகுக்குக் காட்டியது. 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் நாடுகள் அறிவித்த கொவிட் மரணங்கள் ஏறத்தாழ 5.4 மில்லியன். உலக சுகாதார ஸ்தாபனம் 2022 மே மாதத்தில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அதே காலத்தில் வழமையை விட மேலதிகமாக நிகழ்ந்த மரணங்கள் 14.9 மில்லியன். இதில் நோயால் நேரடியாக இறந்தோர் மட்டுமன்றி, வைத்தியசாலைகள் நிரம்பியமையால் வேறு நோய்களுக்குச் சிகிச்சை கிடைக்காது இறந்தோரும் அடங்குவர். இந்தியாவின் உத்தியோகபூர்வ எண் 5 இலட்சத்துக்குக் குறைவாக இருக்க, ஸ்தாபனத்தின் மதிப்பீடு 47 இலட்சமாக அமைந்தது. இந்திய அரசாங்கம் அக்கணிப்பு முறையை ஏற்க மறுத்தது. இந்த இரண்டு எண்களும் இன்று இணையத்தில் அருகருகே உள்ளன. எதை எடுத்தாள்கின்றோம் என்பதை அறிந்து எடுத்தாள்வது வாசகரின் பொறுப்பு.

வகுக்கும் எண்ணைக் கவனியுங்கள்

வீதம் என்பது ஓர் எண்ணை மற்றோர் எண்ணால் வகுத்துப் பெறுவது. சிசு மரணம் ஆயிரம் உயிர்ப் பிறப்புகளுக்கு எத்தனை என்றும், தாய்மார் மரணம் ஓர் இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு எத்தனை என்றும் கூறப்படுகின்றது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிய செய்திகள் அரிதல்ல. மேலும், வகுக்கும் சனத்தொகை 23 மில்லியனா, 21.7 மில்லியனா என்பதைப் பொறுத்து ஆளொருவருக்குரிய வைத்தியர் தொகை முதல் அரிசி நுகர்வு வரை அனைத்தும் மாறும்.

வயதுக் கட்டமைப்பும் ஏமாற்றக்கூடியது. ஜப்பானில் ஆண்டொன்றுக்கு ஆயிரம் பேருக்குப் பன்னிரண்டுக்கும் அதிகமானோர் இறக்கின்றனர். கட்டாரிலோ ஏறத்தாழ ஒருவரே. கட்டார் மக்கள் ஜப்பானியரை விடப் பன்மடங்கு ஆரோக்கியமானவர்கள் என்பது இதன் பொருளல்ல. ஜப்பான் முதியோர் நிறைந்த நாடு. கட்டாரில் வசிப்போரில் பெரும்பான்மையினர் எமது நாடு உட்படப் பல நாடுகளிலிருந்து தொழிலுக்காகச் சென்ற இளவயதினர். நோயுற்றாலோ முதுமையடைந்தாலோ அவர்கள் தாயகம் திரும்பிவிடுகின்றனர். அவர்களது மரணம் வேறொரு நாட்டின் பதிவேட்டில் இடம்பெறுகின்றது. எனவே நாடுகளை ஒப்பிடும்போது 'வயது நியமப்படுத்தப்பட்ட' வீதங்களையோ எதிர்பார்க்கப்படும் ஆயுட்காலத்தையோ பயன்படுத்துவதே பொருத்தமானது.

ஒரே தளத்தின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் கலப்பதும் தவறாகும். ஐ.நா. சனத்தொகைப் பிரிவு ஒவ்வொரு பதிப்பிலும் 1950 ஆம் ஆண்டு முதலான தொடர் முழுவதையும் மீளக் கணிக்கின்றது. 2022 ஆம் ஆண்டுப் பதிப்பின் எண்ணையும் 2024 ஆம் ஆண்டுப் பதிப்பின் எண்ணையும் அருகருகே வைத்து 'இரண்டே ஆண்டுகளில் இத்தனை மாற்றம்' என்று எழுதினால், அது நாட்டில் நிகழ்ந்த மாற்றமாக அன்றிக் கணிப்பு முறையில் நிகழ்ந்த மாற்றமாகவும் இருக்கலாம்.

முப்பத்தொரு ஆண்டு இடைவெளி

இவையெல்லாம் புள்ளிவிபரவியலாளரின் நுணுக்கங்கள் என்று எமது வாசகர்கள் ஒதுக்கிவிட முடியாது. 1871 ஆம் ஆண்டிலேயே முறையான முதலாவது கணக்கெடுப்பைக் கண்ட நாடு இலங்கை. ஆயினும் 1981 ஆம் ஆண்டுக்குப் பின்னர் நாடு முழுவதையும் உள்ளடக்கிய கணக்கெடுப்பு 2012 ஆம் ஆண்டிலேயே நடைபெற்றது. 1991 இல் யுத்தம் காரணமாகக் கணக்கெடுப்பே இல்லை. 2001 இல் 18 மாவட்டங்களில் மாத்திரமே அது முழுமையடைந்தது. வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களும் மட்டக்களப்பும் திருகோணமலையும் விடுபட்டன.

அந்த முப்பத்தொரு ஆண்டுகளில் நிகழ்ந்தவை யாவை? இலட்சக்கணக்கான தமிழர்கள் நாட்டை விட்டு வெளியேறினர். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் தமது பூர்வீக மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களின் தொகை சுமார் 75,000 எனப் பொதுவாகக் கூறப்படுகின்றது. 2004 டிசம்பரில் சுனாமி கிழக்குக் கரையை அழித்தது. 2009 இல் யுத்தம் பேரிழப்புகளுடன் முடிந்தது. ஒரு சமூகத்தின் வரலாற்றில் இவற்றினும் பெரிய சனத்தொகை மாற்றங்கள் இருக்க முடியாது. இருந்தும், வடக்கில் இவற்றுள் ஒன்றையும் உரிய காலத்தில் எண்ணிய கணக்கெடுப்பு இல்லை. சர்வதேசத் தரவுத்தளத்தில் இலங்கைக்கான நிரல் 1981 முதல் 2012 வரை ஆண்டு தவறாமல் நிரம்பியிருக்கின்றது.

எண்ணாமல் விட்டதன் விலை யாது என்பதற்கு 2009 ஆம் ஆண்டின் இழப்புகளே சான்று. ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு, பொதுமக்கள் இழப்பு 40,000 வரை இருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை என 2011 இல் கூறியது. அதே ஆண்டில் அரசாங்கம் வட மாகாணத்தில் வீடு வீடாக நடத்திய கணக்கெடுப்பு அதனிலும் பல மடங்கு குறைந்த எண்ணைத் தந்தது. ஒன்று வெளியிலிருந்து செய்த மதிப்பீடு. மற்றையது உயிருடன் எஞ்சிய உறவினரிடம் கேட்டுப் பெற்றது. குடும்பம் முழுவதும் மாண்டுபோன வீட்டில் பதில் சொல்ல எவர் இருப்பர்?

சுகாதார ஆய்வுகளிலும் இதே குறை உண்டு. 1987 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வு வடக்கையும் கிழக்கின் பகுதிகளையும் உள்ளடக்கவில்லை. 2006-07 ஆம் ஆண்டு ஆய்வில் வட மாகாணம் இல்லை. 25 மாவட்டங்களிலும் ஆய்வு நடந்தது 2016 ஆம் ஆண்டிலேயே. எனவே முந்திய ஆண்டுகளில் 'இலங்கை' என்ற பெயரின் கீழ் காணப்படும் பெருமைக்குரிய எண்கள் பலவற்றில், யுத்தத்தால் மிகவும் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் இடம்பெறவே இல்லை. இவ்விபரம் மூல அறிக்கையில் ஒளிவுமறைவின்றிக் கூறப்பட்டிருக்கும். தரவுத்தளத்திலோ சிறியதோர் அடிக்குறிப்பாகவே எஞ்சும், அல்லது அதுவும் இராது.

சராசரிக்குள் மறைவோர்

எண்ணப்பட்டவர்களும் சராசரிக்குள் மறைந்து போவதுண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் 17 சதவீதம் என்பது 2016 ஆம் ஆண்டு ஆய்வின் தேசிய சராசரி. இந்த எண்ணே சர்வதேசத் தளங்களிலும் இலங்கைக்கு உரியதாகக் காட்டப்பட்டு வந்தது. தெற்காசியாவில் அது மெச்சத்தக்க நிலை. ஆனால் அதே அறிக்கையின் உள்ளே பெருந்தோட்டத் துறையைத் தனியாகப் பார்த்தால் அங்கு 32 சதவீதத்தை அண்டுகின்றது. மலையகத்தில் மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர் வளர்ச்சி குன்றியிருக்கையில், நாட்டின் பெயரால் உலகுக்குச் சொல்லப்படுவது ஆறு பேருக்கு ஒருவர் என்ற கணக்கு.

சர்வதேசத் தளங்கள் நாட்டை ஓர் அலகாகவே கொள்கின்றன. மாவட்டம், இனம், மதம் என்ற பிரிவுகளை அவற்றில் பெரும்பாலும் காண முடியாது. அவற்றைத் தேடுவோர் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் இணையத்தளத்துக்கே செல்ல வேண்டும். அவ்வாறு சென்று பார்ப்போர் குறைவாக இருப்பதால்தான் வதந்திகள் கோலோச்சுகின்றன. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில், உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாகக் கிளம்பிய கதை பள்ளிவாசல் மீதும் கடைகள் மீதும் தாக்குதலாக முடிந்தது. உணவில் இருந்தது மாவுக் கட்டியே என்று பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வு கூறியது. முஸ்லிம்கள் நாட்டை நிரப்பிவிடுவர் என்ற அச்சமே அத்தகைய கதைகளின் ஊற்று. இஸ்லாமியரின் பங்கு 1981 இல் 7.6 சதவீதம், 2012 இல் 9.7 சதவீதம். முப்பத்தொரு ஆண்டுகளில் ஏற்பட்ட மாற்றம் ஏறத்தாழ இரண்டு சதவீதப் புள்ளிகள். அதே காலத்தில் தமிழரின் வெளியேற்றம் போன்ற பிற காரணங்களும் பங்குகளை மாற்றியிருந்தன. கிழக்கிலே தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரைப் பற்றி ஒருவர் கூறும் பெருக்கக் கதைகளுக்கும் இதே உரைகல்லைப் பயன்படுத்தலாம்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

எந்தத் தளத்தில் எந்த எண்ணைக் கண்டாலும் ஐந்து கேள்விகளை எழுப்புதல் நன்று. இதனை முதலில் சேகரித்தவர் யார்? இது எண்ணப்பட்டதா, மதிப்பிடப்பட்டதா? எந்த ஆண்டுக்கு உரியது? எதனால் வகுக்கப்பட்டது? எவரை, எந்தப் பகுதியை உள்ளடக்கவில்லை? பெரிய தளங்கள் அனைத்திலும் குறிகாட்டி ஒவ்வொன்றுக்கும் விளக்கக் குறிப்பு ஒன்று இணைக்கப்பட்டுள்ளது. மதிப்பீடாயின் அதன் கீழ் எல்லையும் மேல் எல்லையும் பெரும்பாலும் தரப்பட்டிருக்கும். இரண்டு நாடுகளின் எல்லைகள் ஒன்றன் மேல் ஒன்று படியுமாயின், 'இவர் முந்தினார், அவர் பிந்தினார்' என்று தரவரிசை பேசுவதில் பொருளில்லை.

உலகத் தளத்தில் ஒளிரும் ஓர் எண்ணின் மூலத்தைத் தேடிச் சென்றால், அது இறுதியில் ஒரு கிராமத்திலே, பிறப்பைப் பதிய வந்த தந்தையின் முன்னாலோ, படிவத்துடன் வாசலில் நின்ற கணக்கெடுப்பாளரின் முன்னாலோ சென்று முடியும். எனவே பிறப்பையும் இறப்பையும் தாமதமின்றிப் பதிதல், கணக்கெடுப்பின்போது முழுமையான விபரங்களைத் தருதல், இடம்பெயர்ந்தோர் எந்த ஊரவராக எண்ணப்படுகின்றனர் என்பதைக் கவனித்தல், மாவட்ட, துறை வாரியான அட்டவணைகளை வெளியிடுமாறு கேட்டல் ஆகியன எமது மக்கள் பிரதிநிதிகளுக்கும் சமூக அமைப்புகளுக்கும் உள்ள கடமைகளாகும். புத்தளத்தில் வாழும் வடபுல முஸ்லிம் புத்தளத்தவராக எண்ணப்பட்டால், அவருக்குரிய வைத்தியசாலைக் கட்டிலும் பாடசாலை ஆசிரியரும் மன்னாரிலோ முல்லைத்தீவிலோ கணக்கில் சேரமாட்டார்கள். நிதி ஒதுக்குவோர் எண்களைப் பார்த்தே ஒதுக்குகின்றனர். அவ்வெண்களில் எமது வீடுகள் இடம்பெற்றுள்ளனவா என்பதை நாமே சென்று பார்த்தறிய இன்று தடையேதும் இல்லை.